கேளுங்க, சொல்றோம்: விக்டோரியா ஏரியும் அதுல ஓடின படகுகளும்

போன இதழ்ல ஓரமா ஒரு துணுக்கு போட்டிருந்தோம். தான்சானியாவுல விக்டோரியா ஏரியோட ஒரு கிளைக்குக் குறுக்கால 3 கிலோமீட்டர் நீளத்துக்கு பாலம் கட்டி 2025 ஜூன்ல திறந்துட்டாங்க, இத்தனை வருஷமா லாரியோட ஃபெர்ரிக்கு வரிசையில நின்னவங்க இப்ப சில நிமிஷத்துல தாண்டிடறாங்கன்னு. நாலு வரிதான். ஆனா அதுக்கு வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பார்த்தா எங்களுக்கே ஆச்சரியம், அதுலயும் கடலோர ஊர்கள்லருந்து வந்த கேள்விகள் ரொம்ப கூர்மையா இருந்துச்சு. அதனால சினிமா, அரசியல் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இந்தத் தடவை முழுக்க அந்த ஏரிதான்.

கே: ஏரிதானே சார், சுத்திக்கிட்டு ரோட்டுல போனா என்ன? அதுக்குப் போய் கப்பல், ஃபெர்ரின்னு எதுக்கு இவ்வளவு செலவு? (வாசகர், சேலம்)

ப: ஏரின்னதும் நம்ம மனசுல வர்றது கரையும் மதகும் கலங்கலும்தான். விக்டோரியா அந்தக் கணக்குலயே வராது. பரப்பு 68,000 சதுர கிலோமீட்டர் கிட்ட, அதாவது இலங்கைத் தீவோட மொத்தப் பரப்பை விட அதிகம். ஒரு கரையில நின்னா எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. மூணு நாடு பங்கு போட்டிருக்கு, கிட்டத்தட்ட பாதி தான்சானியாவுக்கு, அதுக்குக் கொஞ்சம் கம்மியா உகாண்டாவுக்கு, கென்யாவுக்கு வெறும் 6 சதவீதம்தான். ஆனா ஆழம் அந்த அளவுக்கு இல்ல, அதிகபட்சமே 80 மீட்டர் சொச்சம்தான். அகலமா இருந்து ஆழம் கம்மியா இருக்கற தண்ணில காத்து கொஞ்சம் எழும்பினாலே அலை கிட்டக்கிட்ட, செங்குத்தா எழும்பும், படகுக்காரங்களுக்கு இதோட அர்த்தம் சொல்லவே வேணாம்.

சுத்திப் போறதுன்னா கரை பூரா வளைவு நெளிவு, சதுப்பு, ஆறு வந்து விழற இடங்கள். மேற்குக் கரையில இருக்கற புக்கோபாலருந்து தெற்குல இருக்கற முவான்சாவுக்கு வாழைத்தாரும் காப்பியும் போகணும்னா ரொம்ப காலம் கப்பல்தான் ஒழுங்கான வழி. அப்புறம் தீவுகள். உகாண்டா பக்கம் செசே தீவுக்கூட்டத்துல மட்டும் 84 தீவு, தான்சானியா பக்கம் உக்கேரேவே, உக்காரா. அங்க இருக்கறவங்களுக்கு சுத்துவழின்னு ஒண்ணு எப்படிங்க இருக்கும்? பிரசவமா இருந்தாலும் சந்தையா இருந்தாலும் படகுதான்.

கே: ஸ்டீமர் வர்றதுக்கு முன்னாடி அந்த ஜனங்க எதுல போனாங்க? வெள்ளைக்காரன் வந்துதான் அங்க போக்குவரத்தே ஆரம்பிச்சதுன்ற மாதிரி எழுதறாங்களே. (வாசகர், நாகப்பட்டினம்)

ப: இந்தக் கேள்வி வந்ததுல ரொம்ப சந்தோஷம், ஏன்னா இந்த ஏரியைப் பத்தி எழுதறவங்க முக்கால்வாசிப் பேர் 1900லதான் கதையை ஆரம்பிப்பாங்க.

அங்க இருந்தது தைச்ச படகு. ஆணி ஒண்ணு கூட கிடையாது. அடியில நீளமா ஒரே மரத்தைக் குடைஞ்சு போட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் பலகையை வச்சு, ஓட்டை போட்டு நாரால தைச்சு, இடுக்குல நாரைத் திணிச்சு கலப்பத்து அடிச்சு, மேல செம்மண் பூசிடுவாங்க. நம்ம சோழமண்டலக் கரையில அலைக்குள்ள போய் கப்பல் சரக்கை இறக்கின மசூலா படகு இப்படி கயிறால தைச்சதுதான், உங்க ஊர்ப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். தைச்ச படகு அலை அடிச்சா கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், விரிஞ்சு உடைஞ்சு போகாது, ஆனா தண்ணி கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், இறைக்கறதுக்குன்னே ஆள் வேணும். விக்டோரியா படகுல இன்னொரு விசேஷம் என்னன்னா அடிமரம் முன்னால மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு வரும், அதுக்கு மேல தனியா ஒரு மரம் நிமிர்ந்து நிக்கும், அது உச்சியில மான்கொம்பும் இறகும் கட்டியிருப்பாங்க.

இதைக் கட்டுறதுலயும் வலிக்கிறதுலயும் செசே தீவுக்காரங்கதான் கெட்டிக்காரங்க. வடகரையில இருந்த புகாண்டா ராஜ்ஜியத்தோட பலத்துல பாதி இவங்க கையிலதான் இருந்துச்சுன்னு நான் சொல்வேன். ராஜாவோட படகுப்படைக்குத் தலைவரா கபுங்கான்னு ஒரு பதவி, அது ஒரு குறிப்பிட்ட குலத்துக்கு உரியது. 1875ல ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லிங்கற வெள்ளைக்காரப் பயணி அங்க போனப்ப முத்தேசா ராஜா புவுமா தீவுக்காரங்க மேல படையெடுத்துக்கிட்டு இருந்தார், நூத்துக்கணக்கான படகு அணிவகுத்து நின்னதை ஸ்டான்லி நேர்ல பார்த்து எழுதியிருக்கார், பெரிய படகு 70 அடிக்கு மேல நீளம்னும் குறிச்சு வச்சிருக்கார். அத்தனை பெரிய படையை எதிர்த்து புவுமாக்காரங்களும் அதே மாதிரி படகுலதான் நின்னு சண்டை போட்டாங்க, லேசுல பணியல.

இந்தத் தொழில் எப்படி நொடிஞ்சு போச்சுங்கறது வேதனையான கதை. 1900ஐ ஒட்டி அந்தக் கரையோரத்துல தூக்க வியாதி பரவ ஆரம்பிச்சுது, ஒரு வகை ஈ கடிச்சு வர்றது, தண்ணி ஓரத்துப் புதர்தான் அந்த ஈக்கு வீடு. 1900லருந்து 1920க்குள்ள ரெண்டு லட்சத்துக்கும் மேல ஜனங்க செத்துப்போனாங்க. 1909 வாக்குல பிரிட்டிஷ் அரசாங்கம் செசே தீவுகளையே காலி பண்ண வச்சு எல்லாரையும் உள்நாட்டுக்கு அனுப்பிடுச்சு. வியாதியைத் தடுக்க வேற வழி அப்ப அவங்களுக்குத் தெரியல, அது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆனா படகு கட்டுறவன் தண்ணியை விட்டு பத்து வருஷம் தள்ளி இருந்தா கை மறந்து போகாதா? திரும்பி வந்தப்ப ஏரியில ஸ்டீமர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சரியா அந்த சமயம் பார்த்துதான் வெளியாள் எழுதின சரித்திரம் ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி.

கே: கடல் மட்டத்துலருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கற ஏரிக்குள்ள இரும்புக் கப்பலை எப்படி கொண்டு போனாங்க? நைல் நதி வழியா ஓட்டிட்டு வந்துட்டாங்களா? (வாசகர், மதுரை)

ப: ஏரி இருக்கறது 1,134 மீட்டர் உயரத்துல. நைல் வழியா வரவே முடியாது, வழி பூரா பாறை, வேகநீர், மர்ச்சிசன் மாதிரி அருவிகள். அதனால அங்க ஓடின பெரிய கப்பல் எல்லாமே துண்டு துண்டாதான் வந்து சேர்ந்துச்சு.

முதல்ல அப்படி வந்தது கப்பல் இல்ல, படகு. ஸ்டான்லி இங்கிலாந்துல 40 அடிப் படகு ஒண்ணு செய்ய வச்சார், லேடி ஆலிஸ்னு பேரு, பாகம் பாகமா கழட்டற மாதிரி. 1874 நவம்பர்ல இந்துமாக்கடல் கரையிலருந்து ஆளுங்க தோள் மேலயே சுமந்துக்கிட்டு கிளம்பி, அடுத்த வருஷம் பிப்ரவரி கடைசியில ஏரிக்கு வந்து சேர்ந்தாங்க. மார்ச் 8ஆம் தேதி இறக்கி 57 நாள்ல ஏரியைச் சுத்தி வந்துட்டார். 1858ல ஸ்பீக்ங்கற ஆங்கிலேயப் பயணி பார்த்துட்டு இது ஒரே பெரிய ஏரின்னு சொன்னதை நிறைய பேர் நம்பாம இருந்தாங்க, அந்தச் சண்டை இதோட தீர்ந்துச்சு. சுமந்து வந்த அந்த ஆளுங்க இல்லன்னா ஒண்ணும் நடந்திருக்காது, ஆனா மேப்ல பேர் வந்தது அவங்களுது இல்ல.

அடுத்து வில்லியம் மெக்கின்னன்னு ஒரு சின்ன ஸ்டீமர். 1890ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லி ஊர்ல இருந்த போ மெக்லாக்லன் கம்பெனி செஞ்சது. ஆனா ஏரித் தண்ணியைத் தொட்டது 1900லதான், பத்து வருஷம் ஆயிடுச்சு! மொம்பாசா துறைமுகத்துக்கு வந்து சேர்றதுக்கே வருஷக்கணக்காச்சு, அப்புறம் ரயில் பாதை முழுசா வராத காலம், பெட்டி பெட்டியா, சுமை சுமையா உள்ள கொண்டு போனாங்க.

இந்த மாதிரிக் கப்பலை எப்படி செய்வாங்கன்னு கேட்டா, யார்டுல முதல்ல முழுக் கப்பலையும் போல்ட்டு நட்டு போட்டுத் தற்காலிகமா நிறுத்திப் பார்ப்பாங்க, எல்லாம் சரியா பொருந்துதான்னு. அப்புறம் ஒவ்வொரு தகட்டுலயும் சட்டத்துலயும் நம்பர் போட்டுக் கழட்டிப் பெட்டியில அடுக்குவாங்க. ஏரிக்கரையில திரும்ப அந்த நம்பர்படி நிறுத்தி, இந்தத் தடவை போல்ட்டுக்குப் பதிலா ரிவெட்டை நெருப்புல காய்ச்சி அடிப்பாங்க. ஒரு தகடு வழியில தொலைஞ்சாலும், வளைஞ்சாலும் வேலை நின்னு போகும், புதுசு ஸ்காட்லாந்துலருந்து வரணும். 1901 டிசம்பர்ல மொம்பாசாலருந்து ரயில் கென்யா பக்கத்து ஏரிக்கரையில இருக்கற கிசுமு வரைக்கும் வந்து சேர்ந்ததுக்கு அப்புறம்தான் இது சுலபமாச்சு, அதுக்கப்புறம் சில வருஷத்துக்குள்ளயே வினிஃப்ரெட், சிபில், கிளெமென்ட் ஹில்னு கப்பல்கள் வரிசையா இறங்குச்சு. கிசுமுதான் அந்த ஏரிக்கே கப்பல் பட்டறை. 1961ல ஓட ஆரம்பிச்ச விக்டோரியாங்கற கப்பலும் ஸ்காட்லாந்துல யாரோ (Yarrow)ங்கற பேருள்ள கம்பெனி செஞ்சு, பிரிச்சு அனுப்பி, கிசுமுல சேர்த்ததுதான்.

இந்தக் கப்பலுக்கெல்லாம் என்ன வேலைன்னு கேட்டா முக்கியமா பருத்தி. உகாண்டாவுக்குக் கடல் கிடையாது, ரயில் கிசுமுலயே முடிஞ்சு போச்சு, அதனால அந்த நாட்டுப் பருத்தி மூட்டை எல்லாம் ஏரி தாண்டித்தான் ரயில் ஏறணும். 1931ல ஜிஞ்சாவுல நைல் மேல பாலம் போட்டு ரயில் நேரா கம்பாலா போனதும் ஸ்டீமரோட பொற்காலம் முடிஞ்சுது.

கே: அந்த ரயில் பாதையைப் போட்டது நம்ம ஆளுங்கன்னு என் தாத்தா சொல்வார். உண்மையா? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: இந்தியாலருந்து போன கூலித் தொழிலாளிங்கன்னு சொன்னா உண்மைதான், 32,000 பேர் கிட்ட. பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆளுங்க. அதுல 2,500 பேர் கிட்ட வேலை நடந்த சமயத்துலயே செத்துப்போனாங்க, சிங்கம் அடிச்ச கதை மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும், நோயும் விபத்தும் கொண்டுபோனது அதை விட பல மடங்கு. கிசுமுலயும் கம்பாலாவுலயும் கடை வச்சு வியாபாரத்தை வளர்த்ததுல குஜராத்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கே: முதல் உலகப்போர்ல மூழ்கடிச்ச ஜெர்மன் கப்பலைத் தூக்கி எடுத்து நூறு வருஷம் ஓட்டினாங்களாமே, அது இந்த ஏரியிலதானா? (வாசகர், திருநெல்வேலி)

ப: அது பக்கத்து ஏரி, டாங்கனிக்கா. 673 கிலோமீட்டர் நீளம், ஆழம் 1,470 மீட்டர், விக்டோரியாவுக்கு நேர் எதிர் குணம். கேட்டதுக்காக சொல்றேன், எனக்கும் இந்தக் கப்பல் மேல ஒரு தனிப் பிரியம் உண்டு.

1913ல ஜெர்மனியில பாப்பன்பர்க்ங்கற ஊர்ல மேயர் கம்பெனி கட்டினது, பேரு கிராஃப் ஃபான் கோட்சென். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். 5,000 பெட்டியில அடைச்சு தாரெஸ்ஸலாமுக்கு அனுப்பி, அங்கருந்து ரயில்ல ஏரிக்கரையில இருக்கற கிகோமா கொண்டு போனாங்க, கூடவே யார்டுலருந்து மூணு பேர் மட்டும் வந்து உள்ளூர் ஆளுங்களை வச்சு சேர்த்தாங்க. 1915 பிப்ரவரில தண்ணியில இறக்கினப்ப போர் ஆரம்பிச்சு மாசக்கணக்காச்சு, அதனால பீரங்கி ஏத்திட்டாங்க.

அதே சமயம் பிரிட்டிஷ்காரங்க மிமி, டூட்டூன்னு ரெண்டு சின்ன மோட்டார் படகை லண்டன்லருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல்ல கொண்டு வந்து, ரயில்ல ஏத்தி, ரயில் முடிஞ்ச இடத்துலருந்து நீராவி இழுவை வண்டியையும் மாட்டையும் பூட்டி மலை மேல இழுத்துக்கிட்டு வந்து ஏரியில இறக்கினாங்க. 1915 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு ஜெர்மன் படகைப் பிடிச்சாங்க, 1916 பிப்ரவரில இன்னொண்ணை மூழ்கடிச்சாங்க. கடைசியில கிகோமாவை விட்டுப் போகவேண்டி வந்தப்ப ஜெர்மன்காரங்களே 1916 ஜூலை 26ஆம் தேதி கோட்சென் கப்பலை மூழ்கடிச்சாங்க, ஆனா அதை சேர்த்த அந்தத் தொழிலாளிங்க எஞ்சின் பூரா கனமா கிரீஸ் தடவி, துருப்பிடிக்காதபடி பண்ணிட்டுத்தான் மூழ்க விட்டாங்க. தன் கையால சேர்த்ததை அப்படியே அழிய விட மனசு வரல பாருங்க. 1924ல பிரிட்டிஷ்காரங்க தூக்கி எடுத்தப்ப எஞ்சினும் பாய்லரும் உருப்படியா இருந்துச்சு. 1927ல லியெம்பான்னு பேர் மாத்தி திரும்ப ஓட விட்டாங்க, 1970கள்ல டீசல் எஞ்சின் போட்டாங்க. கிகோமாலருந்து சாம்பியாவுல இருக்கற முபுலுங்கு வரைக்கும், வழியில பாதி ஊர்ல படகுத்துறையே கிடையாது, கப்பல் நடுத்தண்ணில நிக்கும், கரையிலருந்து மரப் படகுங்க வந்து ஆளையும் அன்னாசியையும் ஏத்தி இறக்கும். 2015ல புருண்டிலருந்து தப்பி ஓடி வந்த ஆயிரக்கணக்கான அகதிகளை ககுங்கா கரையிலருந்து பத்திரமா கொண்டு வந்தது இதே கப்பல்தான். கொஞ்ச வருஷமா பழுது பார்க்கறதுக்காக நிறுத்தி வச்சிருக்காங்க.

கே: ரயில் பெட்டியையே கப்பல்ல ஏத்துவாங்களாமே? (பள்ளி மாணவர், விருதுநகர்)

ப: ஆமா தம்பி. கப்பலோட தளத்துல தண்டவாளம் பதிச்சிருக்கும், துறைமுகத்துல இருக்கற தண்டவாளத்தோட அதைப் பொருத்திட்டு வேகன்களை அப்படியே உள்ள தள்ளி சங்கிலி போட்டுக் கட்டிடுவாங்க. எதிர்க்கரையில வேற எஞ்சின் வந்து இழுத்துக்கிட்டுப் போகும், மூட்டையை இறக்கி ஏத்தற வேலையே இல்ல. 1960கள்ல வந்த உமோஜா, உஹுரு ரெண்டும் இப்படிப்பட்ட கப்பல்தான். அப்ப மூணு நாட்டு ரயிலும் துறைமுகமும் ஒரே நிர்வாகம். 1977ல அந்தக் கூட்டமைப்பு உடைஞ்சப்ப கப்பலையும் பங்கு பிரிச்சாங்க, உகாண்டா தனக்குன்னு 1980கள்ல மூணு கப்பல் வாங்க வேண்டியதாச்சு. அதுல ரெண்டு, கபலேகாவும் காவாவும், 2005 மே மாசம் ஒண்ணோட ஒண்ணு மோதி கபலேகா முழுகிப் போச்சு. அவ்வளவு பெரிய ஏரியில!

இன்னொரு எதிரி நம்ம ஊர்க் குளத்துலயும் இருக்கற ஆகாயத்தாமரைதான். 1990கள்ல கிசுமு துறைமுகத்தையே மூடிடுச்சு, கப்பல் நகர முடியாது, மீன்பிடிப் படகு கரைக்கு வர முடியாது. அந்தச் செடியை மட்டும் தின்னுற ஒரு வகைக் கூன்வண்டை விட்டுத்தான் ஓரளவு அடக்கினாங்க, ஆனாலும் இப்பவும் காத்தடிச்சா பெரிய பெரிய திட்டா மிதந்து வந்து துறைமுகத்தை அடைக்குது.

கே: அந்த ஏரியில அடிக்கடி கப்பல் முழுகி நூத்துக்கணக்குல சாகறாங்கன்னு படிக்கிறோம். எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர், அதனால கேக்கறேன், தப்பு தண்ணி மேலயா மனுஷன் மேலயா? (வாசகி, தூத்துக்குடி)

ப: அம்மா, பெரிய சாவு எல்லாத்துலயும் தப்பு மனுஷன் மேலதான். ரெண்டு சம்பவத்தை மட்டும் சொல்றேன்.

1996 மே 21. எம்.வி. புக்கோபாங்கற கப்பல் புக்கோபாலருந்து முவான்சாவுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. 430 பேருக்கான கப்பல். முதல் ரெண்டு வகுப்புலயே 443 பேர் பட்டியல்ல இருந்தாங்க, மூணாம் வகுப்புக்குப் பட்டியலே கிடையாது, எத்தனை பேர் இருந்தாங்கன்னு யார் கிட்டயும் கணக்கில்ல. கவுந்துச்சு. 800 பேருக்கு மேல செத்தாங்க, சில கணக்குல ஆயிரத்தை ஒட்டி வருது. கவுந்த கப்பல் உடனே முழுகல, உள்ள காத்து அடைபட்டு இருந்ததால தலைகீழா மிதந்துச்சு, உள்ள உயிரோட இருந்தவங்க தட்டற சத்தம் கேட்டுச்சு. காப்பாத்த வந்தவங்க அடித்தகட்டுல ஓட்டை போட்டாங்க. காத்து அதன் வழியா வெளியே போச்சு, கப்பல் முழுகிடுச்சு. அவங்க கெட்ட எண்ணத்துல பண்ணல, பதறிப்போய் கையில கிடைச்சதை வச்சு பண்ணினாங்க, ஆனா அந்த ஏரியில தேர்ந்த மீட்புப் படைன்னு ஒண்ணு அன்னிக்கு இருந்திருந்தா எத்தனை பேர் பொழைச்சிருப்பாங்கன்னு நினைக்கும்போது நெஞ்சு அடைக்குது.

22 வருஷம் கழிச்சு, 2018 செப்டம்பர் 20. எம்.வி. நியெரெரே, உக்கேரேவேலருந்து உக்காரா தீவுக்குப் போற ஃபெர்ரி. 101 பேர் ஏறலாம். அன்னிக்கு சந்தை நாள். மக்காச்சோளம், வாழைத்தார், சிமென்ட் மூட்டையோட ஜனங்க நெருக்கியடிச்சு ஏறியிருக்காங்க. கரை கண்ணுக்கு எட்டற தூரத்துல இருக்கும்போது கவுந்துச்சு, இறங்கறதுக்காக எல்லாரும் ஒரே பக்கமா நகர்ந்ததா சொன்னாங்க. செத்தவங்க 228 பேர், அதாவது ஏறியிருக்க வேண்டியவங்களைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. ரெண்டு நாள் கழிச்சு எஞ்சின் ரூம் பக்கம் காத்து அடைபட்ட இடத்துல இருந்த ஒரு இன்ஜினியரை உயிரோட எடுத்தாங்க.

உங்க வீட்டுக்காரருக்கு இது நல்லாத் தெரியும், படகு நிமிர்ந்து நிக்கிறது எடை கீழ இருக்கறதாலதான். மேல்தளத்துல ஆளை ஏத்த ஏத்த எடை மேல ஏறும், விளிம்பு தண்ணிக்குக் கிட்ட வரும், அப்ப லேசா சாஞ்சாலும் திரும்பி நிமிராது. புயலே வேணாம். டிக்கெட் கொடுக்கறவர் 101ல நிறுத்தியிருந்தா போதும். ஆனா அதையும் ஜனங்க மேல பழியா போட முடியாது, அடுத்த ஃபெர்ரி எப்ப வரும்னே தெரியாதவன் இதுல ஏறாம என்ன பண்ணுவான், சந்தைக்கு வாங்கின சாமான் கையில இருக்கு, வீடு அக்கரையில இருக்கு. ஒரு தீவுக்கு ஒரே ஒரு ஃபெர்ரி விட்டா அது கண்டிப்பா நிரம்பி வழியத்தான் செய்யும். கூட ஒரு ஃபெர்ரி விடறதுதான் பாதுகாப்பு, போர்டு மாட்டறது இல்ல.

கே: பெரிய கப்பல் விபத்துதான் பேப்பர்ல வருது. சாதாரண மீனவனோட நிலைமை என்ன? ராத்திரில அந்த ஏரி பயங்கரமா மாறிடும்னு கேள்விப்பட்டேன். (வாசகர், இராமேஸ்வரம்)

ப: மாறும், அதுக்குக் காரணமும் இருக்கு. பகல்ல தரை சூடாகும், காத்து ஏரியிலருந்து தரைக்கு வீசும், இடி மழையெல்லாம் கரைக்கு அந்தப்பக்கம். ராத்திரில தரை ஆறிடும், ஏரித் தண்ணி சூடாவே இருக்கும், இப்ப நாலு பக்கத்துலருந்தும் காத்து ஏரிக்குள்ள வீசி நடுவுல முட்டிக்கும், ஈரக்காத்து மேல எழும்பி விடியக்காலை வரைக்கும் இடி, சூறை. அதுவும் சரியா மீன் பிடிக்கற நேரம். நம்ம நெத்திலி மாதிரி பொடி மீன் ஒண்ணு அங்க உண்டு, நிலா இல்லாத ராத்திரில விளக்கு காட்டித்தான் அதைப் பிடிப்பாங்க. வருஷத்துக்கு 3,000லருந்து 5,000 பேர் வரைக்கும் அந்த ஏரியில சாகறாங்கன்னு ஒரு மதிப்பீடு இருக்கு. பெரிய கப்பல் விபத்து எல்லாத்தையும் கூட்டினாலும் ஒரு வருஷத்து இந்தக் கணக்கை எட்டாது, ஆனா ஒருத்தர் ரெண்டு பேரா போறதால செய்தியாகறதில்ல. கொஞ்ச வருஷமா வானிலை எச்சரிக்கையை உள்ளூர் பாஷையில ரேடியோ மூலமாவும் கரையில கொடி, வண்ணம் காட்டியும் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க, அது உண்மையிலேயே உயிரைக் காப்பாத்தற வேலை.

ஏரியில இப்ப 70,000 கிட்ட மீன்பிடிப் படகு இருக்கு. பெரும்பாலும் மரப் பலகையால செஞ்சது, இப்ப தையலுக்குப் பதில் ஆணி, பின்னால அவுட்போர்டு மோட்டார், ஆனா அந்த வகைப் படகுக்கு இன்னிக்கும் செசேன்னுதான் பேரு. கரையோர ஊர்ல ஆளை ஏத்திக்கிட்டுப் போறதும் இதுதான். 2022 நவம்பர்ல புக்கோபா விமான நிலையத்துக்குப் பக்கத்துல 43 பேரோட ஒரு விமானம் ஏரியில விழுந்துச்சு. முதல்ல போய் சேர்ந்தது மீனவங்கதான், மரப் படகுல. ஒரு இளம் மீனவர் துடுப்பை வச்சே விமானத்துக் கதவைத் திறந்துவிட்டார். 24 பேர் பொழைச்சாங்க. இந்த ஏரியோட போக்குவரத்து, மீட்புப் பணி, சாப்பாடு எல்லாமே இந்தப் படகுக்காரங்க தோள் மேலதான் நிக்குது, அரசாங்கங்க பெரிய கப்பலுக்குக் கொடுக்கற கவனத்துல ஒரு பங்கை இவங்களுக்கு நல்ல லைஃப் ஜாக்கெட்டும் கரையில விளக்கும் கொடுக்கறதுல காட்டலாம்.

கே: பாலம் வந்தாச்சு, இனி ஃபெர்ரி காலம் முடிஞ்சுதா? (வாசகர், ஈரோடு)

ப: இல்லவே இல்ல. பாலம் வந்தது கிகோங்கோ, புசிசி ரெண்டுக்கும் நடுவுல, முவான்சா பக்கத்துல ஏரியோட கிளை ஒண்ணு குறுகற இடத்துல. ஃபெர்ரியில ஏறினாலே அரை மணி நேரம், காத்திருக்கறது தனி, ஆம்புலன்ஸும் அதே வரிசைதான், அந்த அவஸ்தை தீர்ந்தது பெரிய நிம்மதி. ஆனா ஏரிக்குக் குறுக்கால யாரும் பாலம் கட்ட முடியாது. தான்சானியாவே 1,200 பேர் ஏறற எம்.வி. முவான்சாங்கற புதுக் கப்பலை 2023ல தண்ணியில இறக்கியிருக்கு. இப்பவும் கப்பலை அங்கேயே கரையிலதான் சேர்த்துக் கட்டியாகணும், வேற வழியே கிடையாது.

கே: என் மகன் முவான்சாவுல வேலை பார்க்கறான். வர்ற வருஷம் நானும் என் மனைவியும் போறோம். அந்த ஏரியில கப்பல்ல போகலாமா, பயமா இருக்கு. (வாசகர், தஞ்சாவூர்)

ப: தாராளமா போங்க ஐயா. முவான்சாவுக்கும் புக்கோபாவுக்கும் நடுவுல ஓடறது மேல சொன்ன அதே 1961 விக்டோரியா கப்பல், முழுசா புதுப்பிச்சு 2020ல திரும்ப விட்டாங்க. ராத்திரி கிளம்பி காலையில சேரும், கேபின் எடுத்துக்கோங்க, அம்மாவுக்கு சௌகரியமா இருக்கும். ஏறினதும் லைஃப் ஜாக்கெட் எங்க இருக்குன்னு பார்த்து வச்சுக்கோங்க, உங்க ரெண்டு பேர் பேரும் பயணிகள் பட்டியல்ல இருக்கான்னு மகனை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. தீவுக்குப் போகணும்னு ஆசைப்பட்டா சந்தை நாளைத் தவிர்த்துட்டு, காலையிலயே போய் வெயில் சாயறதுக்குள்ள திரும்பிடுங்க. கூட்டம் ஜாஸ்தியா தெரிஞ்சா இறங்கிடுங்க, மகன் என்ன சொன்னாலும் சரி, அடுத்ததுல போகலாம்.